கீழே விழுந்தாலும் பரவாயில்லை

கல்யாணப் பரிசாக வந்த பீங்கான் டின்னர் செட்டை ஏழு வருடம் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தேன். புது வீட்டுக்குக் குடிவந்ததும், ‘நல்ல பொருளை நாம் அனுபவிக்காமல் வேறு யார் அனுபவிப்பது?’ என்று வெளியே எடுத்து அடுக்கினேன். அப்போது மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டு. முதல் மாதத்திலேயே மூன்று தட்டுகள் காலி.

முதல் இரண்டும் சின்னவன் கைங்கரியம். மூன்றாவது, சாப்பிட்ட தட்டைச் சமர்த்தாக சிங்க்குக்கு எடுத்துப்போன மகளின் கையிலிருந்து நழுவியது. “பார்த்து எடுத்துட்டுப் போகத் தெரியாதா?” என்று கத்திவிட்டேன். பயத்தில் பின்னால் நகர்ந்தவள் சில்லை மிதித்துவிட்டாள். காலில் இரண்டு தையல்.

காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. ஆனால், அதற்குப் பிறகு அவள் தட்டைத் தொடவே இல்லை. “நீயே எடுத்துட்டுப் போம்மா. நான் எடுத்தா உடைஞ்சிடும்” என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு தட்டின் விலை என்ன, நான் போட்ட சத்தம் என்ன!

மறுநாளே செட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, வேறு தட்டு தேட ஆரம்பித்தேன். முதலில் மெலமைன். படம் போட்டு அழகாக இருந்தது, விழுந்தாலும் சட்டென்று உடையவில்லை. ஆனால், ஸ்பூன் கீறல் விழுந்து, அதில் மஞ்சள் கறை ஏறிக்கொண்டது. நல்ல சூடும் புளிப்பும் சேர்ந்தால் மெலமைன் உணவில் கலக்கலாம் என்று தெரிந்தபோது, கொதிக்கும் ரசத்தை அதில் ஊற்ற மனம் வரவில்லை. அடுத்து, லேசில் உடையாது என்று சொல்லி விற்கும் வெள்ளைக் கண்ணாடித் தட்டு. அது லேசில் உடையாதுதான். உடைந்தாலோ ஃப்ரிட்ஜுக்கு அடியில் வரை சிதறும். தரையில் உருண்டு விளையாடும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அது சரிப்படாது.

ஊரிலிருந்து வந்த அம்மா சிரித்தார். “பரண்ல அத்தனை எவர்சில்வர் தட்டு கிடக்கு, நீ கடை கடையா அலையறே!”

இறக்கிப் பார்த்தால், பாட்டியின் பெயர் வெட்டிய நான்கு தட்டுகள். புளி போட்டுத் தேய்த்ததும் பளபளவென்று ஆகிவிட்டன. பிள்ளைகளுக்குச் சின்ன அளவில் வாங்க அம்மாவோடு பாத்திரக் கடைக்குப் போனேன். தட்டைக் கையில் எடுத்ததும் கனம் தெரியவேண்டும், விளிம்பு மடித்திருக்கவேண்டும் என்றார் அம்மா. விரலை ஓட்டிப் பார்த்தால் எங்கேயும் கீறக்கூடாது. கிண்ணத்துக்கு அடிப்பாகம் அகலமாக இருந்தால் சுலபத்தில் கவிழாது. சூடான பாலுக்கு இரட்டைச் சுவர் டம்ளர் என்றால் கை சுடாது.

கடைக்காரர் காந்தத்தை வைத்து, “ஒட்டலை பாருங்க, ஒரிஜினல்” என்றார். அதை மட்டும் நம்பக்கூடாது. நிக்கல் குறைந்த மலிவு ரகத்திலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. அந்த ரகத்தில் உப்பும் புளியும் பட்டுப் பட்டு நாளடைவில் புள்ளி விழும். 304 என்ற எண்ணையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பார்த்து வாங்கினேன். அந்த 304 ரகத்தில் சுமார் 18 சதவிகிதம் குரோமியமும் 8 சதவிகிதம் நிக்கலும் இருக்கும். துருப்பிடிக்காமல் காப்பது முக்கியமாக அந்தக் குரோமியம்தான்.

எவர்சில்வரிலும் ஒரு குறை உண்டு. மைக்ரோவேவில் வைக்க முடியாது. அதற்கென்று இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களைப் பிள்ளைகளுக்கு எட்டாத மேல் தட்டில் வைத்திருக்கிறேன்.

புதுத் தட்டில் தன் பெயரை வெட்டவேண்டும் என்று மகள் அடம்பிடித்தாள். கடையிலேயே வெட்டிக் கொடுத்தார்கள். முதல் இரண்டு நாள் அதையும் தொடத் தயங்கினாள். மூன்றாம் நாள் தானே எடுத்துப் போனாள். பாதி வழியில் ‘டணார்’ என்று சத்தம். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஒண்ணும் ஆகலைடா, எடுத்துட்டு வா” என்றேன்.

தட்டின் விளிம்பில் சின்னதாக ஒரு நசுங்கல். இப்போது அதைத் தடவிப் பார்த்துத்தான், ‘இது என் தட்டு’ என்று தம்பியிடமிருந்து பிடுங்குகிறாள்.