பதினாறு கட்டத்துள் ஓர் அகரம்

கணினித் திரையில் நாம் நாள்தோறும் சொடுக்குகிற ஐகான் என்னும் சிற்றுருவங்களைச் செய்கிறவர்கள் யார், எவ்வாறு செய்கிறார்கள் என்பதைக் கண்ணாரக் காணவேண்டும் என்ற ஆவல் நெடுநாளாக எனக்கு உண்டு. கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் மென்பொருள் எழுதித் தருகிறவர்களுக்காக ஐகான் வரைந்து கொடுக்கும் பெண்மணி ஒருவர் மதுரையில், சிம்மக்கல்லுக்கு அருகே ஒரு மாடியறையில் தொழில் நடத்துகிறார் என்று நண்பர் ஒருவர் தெரிவித்ததும் தாமதியாமல் அங்கே சென்றேன்.

இரண்டு மேஜைகள், இரண்டு பழைய கணினிகள், அவரிடம் தொழில் பழகும் இளைஞன் ஒருவன். இவ்வளவுதான் அந்தத் தொழிற்கூடம். கையாளும் கருவியும் விலைக்கு வாங்கியதன்று. பெர்க்லி சர்வகலாசாலையில் பயின்ற ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரு மாணாக்கர் 1995-இல் எழுதத் தொடங்கி, மறு வருஷமே உலகுக்கு இலவசமாக அளித்த கிம்ப் என்னும் செயலியே அது. மூலதனம் இல்லாத ஒருவர் இந்தத் தொழிலை நடத்த முடிகிறதென்றால், அந்த இருவருடைய உபகாரமும், அவர்களுக்குப் பின் ஊதியம் கருதாமல் அதைப் பேணிவரும் பலருடைய உழைப்புமே அதற்குக் காரணம்.

நான் போன சமயத்தில், தமிழில் தட்டச்சு செய்வதற்கான ஒரு மென்பொருளுக்கு ஐகான் தயாராகிக்கொண்டிருந்தது. செந்நிறச் சதுரத்தின் நடுவே வெள்ளையில் ஓர் 'அ'. 256 பிக்சல் அகலமும் அதே உயரமும் கொண்ட பெரிய உருவம் முடிந்து, கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

"இதையே இயந்திரம் சிறிதாக்கித் தந்துவிடாதா, அம்மா?" என்று கேட்டேன்.

"தரும்ங்க ஐயா. என்ன தருதுன்னு நீங்களே பாருங்க" என்று சொல்லி, அந்த உருவம் இருந்த லேயரை, அதாவது அடுக்கை, பிரதி எடுத்து, அதன் அளவை 16 ஆகக் குறைத்து, எண்ணூறு சதவீதம் பெரிதாக்கிக் காட்டினார். அகரம் மறைந்துவிட்டது. மேற்சுழி அடைபட்டுப்போய், வலப்பக்கத்து நெட்டுக்கோடு இரண்டு நிரல்களுக்கு இடையே விழுந்து இரண்டிலும் பாதி வெளுத்து, சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலான ஒரு மங்கலே எஞ்சியிருந்தது. பெரிய உருவத்தில் 65,536 பிக்சல்கள்; சிறியதில் 256 மட்டுமே. அங்கே 256 பிக்சல்கள் சொன்னதை இங்கே ஒன்றே சொல்லவேண்டியிருக்க, இயந்திரம் சராசரி பார்க்குமேயன்றி, எழுத்தின் உயிர் எந்தக் கோட்டில் இருக்கிறதென்று அதற்குத் தெரியாது.

அதன் பின் அவர் செய்த வேலையே நான் காண வந்தது. பென்சில் கருவியை ஒரு பிக்சல் அளவில் வைத்துக்கொண்டார். தூரிகைக் கருவி ஓரங்களை மழுக்கிவிடும் என்பதால் இந்த அளவில் அதைத் தொடுவதில்லையாம். முதலில் நெட்டுக்கோட்டைப் பிசிறில்லாமல் இரண்டு நிரல்களில் நிறுத்தினார். பிறகு மேற்சுழியை அப்படியே வரைய இடமில்லை என்று துணிந்து, அதனுள் இரண்டே சிவப்புப் பிக்சல்களை விட்டுச் சுழியின் பிரமையை உண்டாக்கினார். கீழ் வயிற்றை ஒரு வரிசை தாழ்த்தி அகலப்படுத்தினார். வளைவு திரும்பும் இடத்தில் மட்டும் ஓர் இளஞ்சிவப்புப் பிக்சல் வைத்தார். வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். நூறு சதவீதத்துக்குத் திரும்பியபோது, நகக்கண்ணளவு இடத்தில் தெளிவான அகரம் நின்றது. சூசன் கேர் என்னும் அம்மையார் 1984-இல் வெளிவந்த மக்கின்டாஷ் கணினிக்காகக் கட்டமிட்ட காகிதத்தில் 32-க்கு 32 சதுரங்களை நிரப்பிச் சித்திரம் சமைத்த வித்தையும் இதுவேயல்லவா என்று எனக்குத் தோன்றிற்று.

சாளரத்தின் தலைப்புப் பட்டைக்கு 16, கீழ்ப்பட்டைக்கு 24, முகப்புத் திரைக்கு 48 என்று விண்டோஸ் இடத்துக்கு ஏற்ற அளவைத் தேடி எடுக்கும். கிடைக்காவிட்டால் வேறோர் அளவை நீட்டியோ சுருக்கியோ காட்டிவிடும். ஆதலால் எல்லா அளவுகளையும் ஒரே ஐசிஓ கோப்பில் அடுக்குப் பாத்திரம்போல் அடைத்துக் கொடுக்கவேண்டியிருக்கிறது. கிம்பில் ஒவ்வொரு லேயரும் ஓர் அளவாகும். ஏற்றுமதி செய்கையில் அவை வரிசையாகத் தோன்ற, ஒவ்வொன்றுக்கும் நிற ஆழத்தைத் தேர்ந்து, 256-க்கு மட்டும் பிஎன்ஜி சுருக்கத்தைக் குறியிட்டார். சுருக்காமல் விட்டால் அந்த ஓர் உருவத்தின் நிறங்களே 2,62,144 பைட் பிடிக்கும். விண்டோஸ் விஸ்டா முதல் இந்தச் சுருக்கம் செல்லும். அகலத்தைக் குறிக்கக் கோப்பில் ஒரே பைட் இருப்பதால் 256 என்பது பூஜ்யமாகவே எழுதப்படுகிறது என்பதையும் அவரிடமே அறிந்தேன்.

இளைஞன் இதற்குள் வெண்மையும் கருமையுமான இரு லேயர்களை அடியில் வைத்து, இருண்ட பட்டையிலும் ஒளிர்ந்த பட்டையிலும் உருவம் எடுபடுகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தான். "அக்கா, ரெண்டுலயும் தெரியுது" என்றான். "அந்த ரெண்டு லேயரையும் மறக்காம அழிச்சிரு தம்பி, இல்லேன்னா அதுவும் ஐகானாப் போயிரும்" என்றார் அவர்.

கூலியைப் பற்றி விசாரித்தேன். பெரிய உருவத்துக்குப் பேசிய தொகையைத் தருவதில் யாருக்கும் ஆட்சேபமில்லை, "இத்தனூண்டு படத்துக்கா காசு?" என்று சிறியதற்கு மட்டும் கை சுருங்கிவிடுகிறதாம். பெரியதை அவர் ஒரு காலைப்பொழுதில் முடித்திருந்தார்; சிறியதற்குப் பகல் முழுதும் சென்றது. இந்தத் தொழிலின் சாமர்த்தியம் அனைத்தும் சிறிய அளவிலேயே இருக்கிறது என்பதும், கூலியைத் தலைகீழாக வைத்திருக்கிறோம் என்பதும் என் அபிப்பிராயம்.

தமிழில் மென்பொருள் செய்விக்கும் அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: ஐகான் கைக்கு வந்ததும் பெரியதைப் பார்த்து மகிழ்ந்து நின்றுவிடாமல், 16 அளவில் எழுத்து எழுத்தாகத் தெரிகிறதா என்று பாருங்கள், தெரியும்படி செய்து தந்தவருக்கு அந்த அளவுக்கென்று தனியே கூலி கொடுங்கள்.