ஐயனார் குதிரைக்கு நாடி பிடித்தால்...

வில்லியனூரிலிருந்து எம்பலம் தாண்டி கரியமாணிக்கம் போகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் தூங்கிவிடாதீர்கள். வயல், கரும்பு, மறுபடி வயல், நடுவே ஒரு சாராயக்கடை (புதுவை மாநிலம் ஐயா, இது!) என்று போய்க்கொண்டிருக்கும்போதே ஊர் எல்லையில், மரத்தடியில் ஐயனார் தட்டுப்படுவார். எதிரே அவருடைய குதிரைகள்.

அந்தக் குதிரைகளின் முகத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாய் பிளந்து பல் அத்தனையும் தெரியும். முழி பிதுங்கி வெள்ளை தெரியும். சிலதுக்கு நாக்கு வேறு.

"ரோஷமான குதிரை தம்பி. ராத்திரி சாமி ஏறி உக்காந்தா பறக்கணும் இல்ல?" என்றார் நிழலில் உட்கார்ந்திருந்த பெரியவர்.

போட்டிக் குதிரைகளைப் பார்க்கிற டாக்டர் இதே முகத்துக்கு வேறு பேர் வைப்பார். சூ டைசன் என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் தன் குழுவோடு 2018-ல் ஒரு பட்டியல் கொடுத்தார். ஆள் ஏறியிருக்கும்போது குதிரை செய்கிற 24 சேஷ்டைகள். திரும்பத் திரும்ப வாயைப் பிளப்பது, நாக்கு வெளியே வருவது, கண்ணில் வெள்ளை தெரிவது, வெறித்த பார்வை, காதைப் பின்னால் மடிப்பது, வாலை வீசுவது... எட்டு அல்லது அதற்கு மேல் தேறினால், குதிரைக்கு எங்கோ வலிக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

ஐயனார் குதிரைக்கு மார்க் போட்டேன். வாய், நாக்கு, கண், பார்வை என்று நாலு. காது விறைப்பாக நிமிர்ந்திருந்ததால் தப்பித்தது. மண் குதிரை பாஸ்!

உயிருள்ள குதிரை பாடுதான் திண்டாட்டம். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், ஒரே ஆள் ஐந்து விளையாட்டு ஆடும் பென்டத்லான் போட்டி. முன்னணியில் இருந்த ஜெர்மன் வீராங்கனைக்குக் குலுக்கலில் விழுந்த குதிரை செயின்ட் பாய். தடுப்பைத் தாண்டவே மறுத்துவிட்டது. அவர் அழுதுகொண்டே சாட்டையைச் சுழற்றினார். கோச் முஷ்டியால் ஒரு குத்து விட்டு, போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டார். 2024 பாரீஸோடு பென்டத்லானிலிருந்து குதிரையே போயாச்சு.

செயின்ட் பாய் ஊரறியச் சொன்னது. எல்லாக் குதிரையும் சொல்லாது. புலி, ஓநாய்க்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று வலியை மறைத்தே வளர்ந்த ஜாதி. அதனால்தான் அளவெடுக்க வேண்டியிருக்கிறது.

'நாடியை எண்ணினால் போச்சு' என்பீர்கள். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிஷத்துக்கு 28 முதல் 44 துடிப்பு. தலைதெறிக்க ஓடினால் 200-ஐத் தாண்டும். நெடுந்தூரப் போட்டியில், குறிப்பிட்ட நிமிஷத்துக்குள் 64-க்கு இறங்காத குதிரை வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நல்ல விதி. ஆனால் களைப்பைச் சொல்கிற நாடி, பயத்தைப் பிரித்துச் சொல்லாது.

சரி, எச்சிலைப் பஞ்சில் ஒற்றியெடுத்து கார்ட்டிசால் பார்க்கலாம். அதிலும் வில்லங்கம். காலையில் அது இயல்பாகவே கூடுதல். சந்தோஷப் பரபரப்பிலும் ஏறும். நமக்கு மார்ச் 31 ராத்திரி கணக்கு டேலியாகாதபோதும் ஏறும், பிரமோஷன் ஆர்டரைப் பிரிக்கும்போதும் ஏறும். எண்ணை மட்டும் வைத்து எது எது என்று எப்படிச் சொல்வது? ஆகவே நாடி, எச்சில், முகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அதே குதிரை லாயத்தில் நிம்மதியாக இருந்தபோது எடுத்த கணக்கும் கையில் வேண்டும். ஓப்பனிங் பேலன்ஸ் இல்லாமல் என்ன ஆடிட்?

இதில் ஒரு தில்லுமுல்லும் உண்டு. குதிரையின் மூக்குக்கு மேல் சுற்றி ஒரு பட்டை கட்டுவார்கள். இறுக்கிவிட்டால் வாயைத் திறக்க முடியாது. மார்க்கும் விழாது! புகார் பெட்டிக்குப் பூட்டுப் போட்ட மேனேஜர் மாதிரி. பட்டைக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது பழைய வழக்கம். யார் விரல்? குழந்தையுடையதா, பயில்வானுடையதா? 2025-ல்தான் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் இதற்கென்று ஓர் அளவுக் கருவியையே கொண்டுவந்தது.

நேரில் பார்க்க ஆசையா? கரியமாணிக்கத்திலிருந்து பாண்டி வந்து ஆரோவில் பக்கம் போங்கள். ரெட் எர்த் ரைடிங் ஸ்கூல் அங்கேதான். குதிரைப் போட்டிகள் நடக்கிற இடம். தடுப்பு விழுந்ததா என்று எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் குதிரை மைதானத்தை விட்டு வெளியே வரும்போது காது, கண், வாலைப் பாருங்கள். பட்டை எவ்வளவு இறுக்கம் என்று எட்டிப் பாருங்கள். இரண்டு விரலை மட்டும் நீட்டிவிடாதீர்கள். கடிக்கும்.