அறிந்ததும் கண்டதும்

ஓவியம் பயிலத் தொடங்கும் மாணவன் முதலில் வரைவது தான் கண்டதையன்று, அறிந்ததையே. கண்கள் இரண்டும் ஒத்த அளவின என்பது அவன் அறிவு. ஆகவே, எதிரே அமர்ந்திருப்பவர் முகத்தைத் திருப்பியிருந்தாலும், அப்பாலுள்ள கண்ணையும் இப்பாலுள்ளதன் அளவிலேயே எழுதிவிடுகிறான். முகம் தட்டையாகிறது, சாயல் கைநழுவிப் போகிறது.

1492இல் மறைந்த இத்தாலிய ஓவியர் பியரோ டெல்லா பிரான்செஸ்கா இதற்கொரு வழி கண்டார். ஓவியத்தில் தொலைவைக் காட்டும் முறைபற்றிய தமது நூலின் மூன்றாம் பகுதியில், தலையைக் கிடையான அடுக்குகளாக வகுத்து, ஒவ்வோர் அடுக்கின் விளிம்பிலும் புள்ளிகளைக் குறித்தார். கிடைப்படத்திலும் நிலைப்படத்திலும் அவற்றை அளந்து, சாய்ந்த தலையையும் புள்ளி புள்ளியாகப் படத்தளத்துக்குக் கொணர்ந்தார். ஊகத்துக்கு அங்கே இடமில்லை, பொறுமைக்கே இடம்.

இம்முறையில் ஒரு தலையை எழுதி முடிப்பதற்குள் மாணவன் சலித்துவிடக்கூடும். ஆயினும், அதன்பின் அவன் பார்வை முன்போலிராது. மூக்கின் மறைவில் பாதி ஒளிந்த கண்ணை, முழுதாக்க முனையாமல், பாதியாகவே எழுதுவான். பிறர் முகத்தைத் தன் எண்ணத்துக்கு வளைக்காது, அது இருக்கும் இடத்தில் இருக்கவிடுவதே உருவப்படக் கலையின் முதற் பாடம். அளவுகோல் கற்பிப்பதும் அதுவே.