முட்டுக்காட்டுல துடுப்பு போட்ட கதை

நவரை நடவு முடிஞ்சு முதல் களையும் எடுத்தாச்சு. அதான் கொஞ்ச நாளா எதுவும் எழுதல. இடையில ஒரு ஞாயித்துக்கிழமை படகு ஓட்டப் போயிட்டு வந்தேன். சிரிக்காதீங்க, நிஜமாத்தான்.

என் பொண்ணு ஒரகடத்துல ஒரு கம்பெனியில வேலை பாக்குது. கூட வேலை செய்யற பிள்ளைங்க பன்னெண்டு பேர் சேர்ந்து முட்டுக்காட்டுல கயாக் ஓட்டப் பணம் கட்டியிருந்தாங்க. கடைசி நேரத்துல ஒருத்தருக்குக் காய்ச்சல். "கட்டின பணம் வீணாப் போவுது, நீ வாப்பா"ன்னுச்சு. எனக்குத் தண்ணின்னாலே ஆகாது. ஏன்னு அதுகிட்ட சொன்னதில்ல. மாட்டேன்னு சொன்னா காரணம் கேக்கும்னு கிளம்பிட்டேன்.

விடியக்காலை நாலு மணிக்கே வண்டி ஏறி வாலாஜாபாத், வண்டலூர், கேளம்பாக்கம் வழியா போனோம். கோவளத்துக்குக் கொஞ்சம் வடக்கால முட்டுக்காடு. கடல் தண்ணி உள்ள வந்து தேங்கற காயல் அது. காத்து கிளம்பாத நேரம். பரம்படிச்ச கழனி மாதிரி தண்ணி அசையாம கிடந்துச்சு.

கயாக் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். வடதுருவத்துப் பக்கம் இனுயிட் ஜனங்க, சட்டத்து மேல கடல்நாய்த் தோலை இழுத்துக் கட்டி வேட்டைக்குப் போன படகாம். இப்ப பிளாஸ்டிக்ல வருது. துடுப்புக்கு ரெண்டு முனையிலயும் பலகை. வலப்பக்கம் வலிச்சா இடப்பக்கம் திரும்பும். ஏர் மாட்டைத் திருப்பினவனுக்கு அது பெரிய வித்தை இல்ல.

சொல்லிக் கொடுக்கற தம்பிக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும். படகைக் காட்டறதுக்கு முன்னாடி ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் கொடுத்தார். வாரை இறுக்கினதும் என் தோள்பக்கம் ஜாக்கெட்டைப் பிடிச்சு மேல தூக்கிப் பார்த்தார். "லூசா இருந்தா ஜாக்கெட் மேல வந்துடும், நீங்க கீழ போயிடுவீங்க அண்ணா"ன்னார். ஒரு பையன், நீச்சல் தெரியும் ஜாக்கெட் வேணாம்னான். "அப்ப படகும் இல்ல ப்ரோ"ன்னுட்டார். கவுந்தா பதறாதீங்க, படகை விடாதீங்க, அது மிதக்கும், பிடிச்சுக்கிட்டே இருங்க, நான் வரேன்னு நாலு தடவை சொன்னார்.

பொண்ணு முன்னாடி, நான் பின்னாடி. மத்தப் பிள்ளைங்க சிரிச்சுக்கிட்டும் தண்ணி தெளிச்சுக்கிட்டும் போனாங்க. நடுவுல போனப்ப என் கை நின்னுடுச்சு. "என்னாப்பா?"ன்னு திரும்பிப் பார்த்துச்சு. அப்பதான் சொன்னேன்.

நான் ஆறாவது படிச்ச வருஷம். எங்க ஏரி நிரம்பிக் கலங்கல் போயி, தை மாசத்துல தண்ணி இறங்கியிருந்துச்சு. நானும் சித்தப்பா பையனும் எருமை ஓட்டிக்கிட்டுப் போனோம். இடுப்பளவு தண்ணிதானேன்னு அவன் நடந்தான். செங்கல் சூளைக்கு யாரோ மண் வெட்டின பள்ளம் தண்ணிக்குள்ள இருந்துச்சு. ஒரு அடி வச்சான், அடுத்த அடிக்குத் தரை இல்ல. சத்தமே வரல. முழுகறவங்க கத்தற மாதிரி சினிமாவுல காட்டறாங்க. கத்தறதுக்கு மூச்சு வேணுமே. அவன் விளையாடறான்னு நினைச்சு நான் கரையில நின்னுக்கிட்டிருந்தேன்.

எங்க பக்கத்துப் பசங்க முதுகுல சுரைக்குடுக்கை கட்டிக்கிட்டுத்தான் நீச்சல் பழகுவாங்க. எங்க வீட்லயும் ஒண்ணு இருந்துச்சு. எருமை மேய்க்கத்தானே போறோம்னு எடுத்துக்கிட்டுப் போகல. அன்னிக்கு சாயங்காலமும் அது எறவாணத்துல தொங்கிச்சு.

எங்க திருப்புட்குழி, ராமர் ஜடாயுவுக்கு மகன் ஸ்தானத்துல கடைசிக் கடன் செஞ்ச ஊர்னு சொல்வாங்க. விஜயராகவப் பெருமாள் கோயில் குளத்துக்கு ஜடாயு தீர்த்தம்னே பேரு. அந்த ஊர்ல எங்க சித்தப்பா தன் மகனுக்குக் கடன் செஞ்சார். அதுக்கப்புறம் முழங்காலுக்கு மேல தண்ணியில நான் இறங்கினதே இல்ல.

பொண்ணு கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அதனாலதான் எனக்கு நீச்சல் கத்துக் குடுக்கலியா?"ன்னு கேட்டுச்சு.

சுருக்குன்னுச்சு. ஏரிப்பக்கமே விடாம வளர்த்தது அதைக் காப்பாத்தறதா நினைச்சுத்தான். இப்ப நடுத்தண்ணியில உக்காந்திருக்கு, விழுந்தா அந்த ஜாக்கெட்டைத் தவிர அதுக்கு வேற வழி தெரியாது. என் பயத்தை அது தலையில கட்டி வச்சிருக்கேன். "ஆமாம்மா, தப்புதான்"னேன். "சரி, துடுப்பைப் போடு"ன்னுச்சு. ரெண்டு பேருமா கரை சேர்ந்தோம்.

இப்ப ஞாயித்துக்கிழமை காலையில எங்க தெருப் பிள்ளைங்க ஏழெட்டுப் பேர் என் பம்புசெட் கிணத்துக்கு வராங்க. நல்லா நீந்தத் தெரிஞ்ச பங்காளி ஒருத்தர் கத்துக் குடுக்கறார். சுரைக்குடுக்கைக்குப் பதிலா மூடி இறுக்கின காலி எண்ணெய் கேன் ரெண்டு, இடுப்புல கயிறு, கயித்தோட மறுமுனை மேல ஒரு பெரியவர் கையில. கேனை மட்டும் நம்பி யாரையும் இறக்கறதில்ல. என் பொண்ணும் பழகுது. நானும் படியைப் பிடிச்சுக்கிட்டு கழுத்தளவு தண்ணி வரைக்கும் வந்துட்டேன். இந்த வயசுல காலை விடறதுதான் கஷ்டமா இருக்கு.

சுத்திப் பார்க்க வர்ற உங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். 2021 நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் வந்த மாதிரி இன்னொரு வருஷம் வந்து, தாமல் ஏரி கடல் மாதிரி நிக்கறப்ப, பெங்களூரு ரோட்ல கார் நிறுத்திப் பார்ப்பீங்க. நல்லா பாருங்க, போட்டோ எடுங்க. ஆனா எங்க பள்ளம் இருக்குன்னு உள்ளூர் ஆளைக் கேக்காம எந்த ஏரியிலயும் காலை வைக்காதீங்க. யாராவது முழுகினா, நீச்சல் தெரியாம பின்னாடியே குதிக்காதீங்க. கயிறோ புடவையோ வீசுங்க, காலி கேனைத் தூக்கிப் போடுங்க, சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்க. தண்ணி அசையாம இருக்குன்னு மட்டும் நம்பிடாதீங்க.

வேலியோரம் நாலு சுரை விதை ஊனியிருக்கேன். முத்தற வரைக்கும் ஒரு காயைக் கொடியிலயே விடச் சொல்லியிருக்கேன் வீட்ல.