நடுத்துண்டு

பதினாறு வயது நிரம்பிய மறுவாரமே என் மகள் ஒன்ராறியோ மாகாணத்தின் எழுத்துப் பரீட்சையில் தேறி, ஜி-1 என்னும் பயிலுநர் அனுமதிப்பத்திரத்தோடு வீட்டுக்கு வந்தபோது, அவளுக்கு ஏற்ற முதற் கார் எது என்ற கேள்விக்கு என்னிடம் விடை தயாராக இருந்தது. ஸ்காபரோவில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற 2005ஆம் ஆண்டுக் கொரோலாவை அவளுக்குக் கொடுத்துவிட்டு, எனக்கு இன்னும் நல்லதாக ஒன்றை வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்திருந்தேன். பழகுகிற பிள்ளைக்குப் பழைய கார் போதும், உரசினாலும் இடித்தாலும் பெரிய நட்டமில்லை என்பது நம்மவர் வீடுகளில் வழங்கிவரும் நியாயம். அதை நானும் சந்தேகியாமல் ஏற்றிருந்தேன்.

அதற்கு என் பால்யமும் ஒரு காரணம். தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கண்ணிற் காணாப் பொருளாகிவிட்ட காலத்தில், சில துளி பெற்றோலால் உயிர்ப்பிக்கப்பட்டுப் பின்பு மண்ணெண்ணெயிலேயே புகை கக்கியபடி ஓடிய ஒஸ்ரின் ஏ-40 கார்கள், கர்ப்பிணிகளையும் நோயாளிகளையும் ஆஸ்பத்திரியிற் கொண்டுபோய்ச் சேர்த்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆகவே, பழையது என்பது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. ஆனால், அந்தக் கார்கள் குண்டும் குழியுமான தெருக்களில் சைக்கிள்களோடு சைக்கிள்களாக ஊர்ந்தவை என்பதையும், என் மகள் ஏறப்போகும் 401ஆம் நெடுஞ்சாலையில் கனரக லொறிகளுக்கு நடுவே மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓட வேண்டியிருக்கும் என்பதையும் நான் சேர்த்து எண்ணிப் பார்க்கவில்லை.

ஜி-1 காலத்துக்குச் சட்டம் விதித்திருக்கும் நிபந்தனைகள் விவேகமானவை. நான்கு ஆண்டுகளுக்குக் குறையாத அநுபவமுள்ள ஒருவர் பக்கத்து ஆசனத்தில் இருக்க வேண்டும்; நள்ளிரவிலிருந்து காலை 5 மணி வரை ஓட்டலாகாது; தகுதி பெற்ற பயிற்றுநர் உடனில்லாமல் 401 போன்ற அதிவேகப் பாதைகளில் ஏறலாகாது. அங்கீகாரம் பெற்ற பயிற்சி வகுப்பை முடித்தவர்க்குப் பன்னிரண்டு மாதக் காத்திருப்பு எட்டு மாதமாகக் குறையும். அந்த எட்டு மாதமும் பக்கத்து ஆசனம் என்னுடையதாக இருந்தது. ஜனவரி மாதத்து மாலை ஒன்றில், எங்கள் குறுக்குத் தெருத் திருப்பத்தில், பனியின் கீழே கண்ணாடிபோல் உறைந்திருந்த நீரின்மேல் கார் வழுக்கியது. பிள்ளை பதறிப் பிரேக்கை மிதித்தாள். முன்பக்கம் ஒரு திசையிற் போகப் பின்பக்கம் வேறு திசையில் விலகியது. என் வலது கால், அங்கே இல்லாத ஒரு பிரேக்கைத் தேடித் தரையை அழுத்தியது. ஓரத்துப் பனிக்குவியலில் முட்டிக் கார் நின்றபோது ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஆயினும், இன்னும் சில மாதங்களில் அவள் அடுத்த படியான ஜி-2 பெற்றுத் தனியே புறப்படும்போது அந்த ஆசனத்தில் யார் இருப்பார் என்ற எண்ணம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

மறுநாள், பல வருஷங்களாக எங்கள் வாகனங்களைப் பார்த்துவரும் தம்பியிடம் கராஜில் இதைச் சொன்னேன்.

"அண்ணை, உங்களுக்கு இருவது வருசப் பழக்கம் இருக்கு. வழுக்கினா கை தானாத் திருப்பும். பிள்ளைக்கு அது இல்லை. இல்லாத ஆளுக்கல்லோ நல்ல கார் வேணும்?" என்றார்.

பிறகு மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு என்னும் சாதனத்தைப் பற்றி விளக்கினார். ஸ்டியரிங் காட்டும் திசையும் கார் உண்மையிற் செல்லும் திசையும் வேறுபடத் தொடங்கிய கணத்திலேயே அதை உணர்ந்து, எந்தச் சக்கரத்தைப் பிடித்தால் கார் நேர்ப்படுமோ அந்த ஒரு சக்கரத்துக்கு மாத்திரம் பிரேக் கொடுத்து, எஞ்சினின் வேகத்தையும் தணிக்கும் அச்சாதனம், நான்கு சக்கரங்களுக்கும் ஒரே மிதியை உடைய மனிதக் காலால் ஒருபோதும் ஆகாத காரியத்தைச் செய்கிறது. கனடாவில் 2012ஆம் மாதிரி ஆண்டிலிருந்து எல்லாக் கார்களுக்கும் அது கட்டாயம். எங்கள் கொரோலாவில் அது இல்லை.

அதன் பின்பே உண்மையான தேடல் தொடங்கியது. மிகச் சிறிய கார் வேண்டாம் என்று தள்ளினோம். கனமானதும் இலேசானதும் மோதினால் இலேசானதில் இருப்பவரே அதிகம் துன்புறுவர் என்பது பௌதிக நியதி. குதிரைத் திறன் மிகுந்ததையும் தள்ளினோம். கால் வைத்த மாத்திரத்தில் பாய்கிற எஞ்சின் இளம் வயதுக்கு ஓயாத சோதனை. ஏழு பேர் அமரும் பெரிய வாகனமும் சரிப்படவில்லை. ஜி-2 பெற்ற, பத்தொன்பது வயது வரையுள்ளவர், முதல் ஆறு மாதம், நள்ளிரவுக்குப் பின் தம் வயதொத்த ஒருவரைத்தான் ஏற்றலாம் என்று, குடும்பத்தினர் நீங்கலாக, சட்டமே வரையறுத்திருக்கும்போது, தோழர் கூட்டத்துக்கு நாமே ஆசனம் போட்டுக் கொடுப்பானேன்? அமெரிக்காவில் 1959ஆம் ஆண்டு காப்புறுதிக் கம்பனிகள் நிறுவிய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஸ்தாபனம், இளையோர்க்கு உகந்த பழைய கார்களின் பட்டியலை வெளியிட்டுவருகிறது. மிகச் சிறிய காரையும் மிகுந்த குதிரைத் திறனையும் பற்றி அதன் அபிப்பிராயமும் இதுவே.

கடைசியில், 2014ஆம் ஆண்டு நான்கு சிலிண்டர் கம்ரி ஒன்று மனசுக்குப் பிடித்தது. மேற்பூச்சின் மினுக்கத்தில் நான் லயித்து நிற்க, தம்பியோ நேரே தரையிற் படுத்து, பின்சக்கரத்து வளைவின் உட்புறத்தை ஸ்க்ரூடிரைவர்ப் பிடியால் ஒவ்வோர் அங்குலமாகத் தட்டிக் கேட்டார். பனியைக் கரைக்கத் தெருவிற் கொட்டும் உப்பு, ஒவ்வொரு மாரியிலும் காரை அடியிலிருந்து தின்கிறது. கெட்டியான தகட்டின் ஓசை கணீரென்று வரும், துருப்பிடித்தது பொருக்காக உதிரும். பிரேக் குழாய்களை வெளிச்சம் பிடித்துப் பார்த்தார். ரயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கங்களை என் மகளையே வாசிக்கச் சொன்னார். முதலிரண்டும் வாரம், பின்னிரண்டும் வருஷம். பிறகு, வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினால் சாதாரண ரயரின் இறப்பர் விறைத்துப் பிடிமானம் இழக்கும் என்று சொல்லி, மலைச்சிகரத்துக்குள் பனித்துகள் பொறித்த குளிர்கால ரயர் நான்கையும் அவளுக்குத் தொட்டுக் காட்டினார்.

கம்ரியை வாங்கினோம். காப்புறுதித் தவணையும் சேர்ந்தபோது இரண்டாவது நல்ல காருக்கு இடமிருக்கவில்லை; இருபது வருஷப் பழக்கமுள்ள நான் கொரோலாவை வைத்துக்கொண்டேன். நல்லதை எனக்கும் கழிந்ததைப் பிள்ளைக்கும் என்று நான் முதலில் வகுத்திருந்த பங்கீட்டை இப்போது நினைத்தாலும் வெட்கமாகவே இருக்கிறது. குழம்புச் சட்டியிலிருந்து மீனின் நடுத்துண்டை எடுத்துப் பிள்ளையின் கோப்பையில் வைத்துவிட்டு, வால்துண்டோடு தம் சோற்றைப் பிசைந்து உண்ட தாய்மார் நம்மை வளர்த்தவர்கள். அவர்கள் அடுக்களையில் நாள்தோறும் செய்த நியாயத்தை, கடல் கடந்த பின், கார் நிற்கும் வாசலில் மாத்திரம் நாம் ஏன் மறக்க வேண்டும்?