அறுத்தது போக மிஞ்சியது

வெம்பக்கோட்டை அகழாய்வில் தங்கம் கிடைத்தது, தந்தப் பதக்கம் கிடைத்தது, சுடுமண் பொம்மைகள் கிடைத்தன. என் மனம் போய் ஒட்டிக்கொண்டது சங்கு வளையல்களில்தான். 2022 மார்ச்சில் ஊருக்குப் பக்கத்து விஜயகரிசல்குளத்து மேட்டில் முதல் குழி வெட்டியதிலிருந்து முழு வளையலும் உடைந்த துண்டுமாக அவை வந்துகொண்டே இருந்தன. இங்கே வளையல் அறுக்கும் கூடமே இருந்திருக்க வேண்டும் என்பது தொல்லியலாளர்கள் கருத்து.

கரிசல் காட்டில் சங்கு ஏது? மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுத்த சங்கு அது. இங்கே ஓடும் வைப்பாறு போய்ச் சேர்வதும் அந்தக் கடலில்தான். தண்ணீர் கிழக்கே இறங்கிப் போக, சங்கு அதே கரையோரமாக மேற்கே ஏறி வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

சங்கறுப்பு சுலபமான வேலையில்லை. கூர்மையான வாளரத்தால் குறுக்கே அறுத்து, வட்டம் வட்டமாக எடுத்து, ஓரம் தேய்க்க வேண்டும். சங்கின் அகன்ற பகுதிதான் வளையலாகும். சுருண்டு கூம்பும் நுனி வளையலுக்கு ஆகாது, கூடத்து மூலையில் கிடக்கும். அந்தக் கழிவை ஒரு புலவர் பார்த்திருக்கிறார். அகநானூற்றின் 24ஆம் பாட்டு ஆவூர் மூலங்கிழார் பாடியது. போர்ப் பாசறையில் இருக்கும் தலைவன் வீட்டை நினைக்கிற பாட்டு. அதன் தொடக்கத்தில் பகன்றையின் விரியாத மொட்டு வருகிறது. அது எப்படி இருக்கிறதாம்? வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன் அரத்தால் வளைகளை அறுத்து எடுத்த பிறகு மிஞ்சிய சங்கின் நுனியைப் போல இருக்கிறதாம். முறுக்கிக்கொண்டு நிற்கும் அந்த வெள்ளை மொட்டைப் பார்த்தவருக்கு வளையல் நினைவுக்கு வரவில்லை, வளையல் போக மிஞ்சியது நினைவுக்கு வந்திருக்கிறது. அறுப்பவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கையையும் காலடிக் குப்பையையும் நெடுநேரம் பார்த்த ஒருவருக்குத்தான் இந்த உவமை வாய்க்கும். நக்கீரரையும் சங்கறுக்கும் மரபில் வந்தவராகவே நம் கதைகள் சொல்கின்றன. பாட்டும் அரமும் அந்தக் காலத்தில் அவ்வளவு அருகருகே இருந்திருக்கின்றன.

பிற்காலத்தில் நம் கடற்கரைச் சங்கு வங்காளத்துக்குப் போனது. அங்கே கல்யாணமான இந்துப் பெண்கள் கையில் இன்றும் சங்கு வளையல் உண்டு. டாக்காவில் சங்கறுப்பவர்கள் பெயரிலேயே ஒரு கடைவீதி இருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அதே வங்காளத்துக்கு, கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். நம் கடலிலிருந்து ஒரு கைத்தொழிலுக்கான சரக்கு அங்கே போக, அங்கிருந்து இன்னொரு கைத்தொழில் இங்கே வந்தது. தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு. சிவகாசியிலிருந்து அது சுற்றுவட்டாரத்துக்குப் பரவியபோது, மானம் பார்த்த பூமியான வெம்பக்கோட்டைக் காடுகளில் விளைச்சலை நம்பியிருந்தவர்களுக்கு வாரக் கூலி வந்தது. ஊர் ஒன்றியத்தின் தலைமையிடமானது, வட்டத்தின் தலைமையிடமானது. வைப்பாற்றில் கட்டிய 24 அடி அணையின் தண்ணீர் சிவகாசிக்குக் குடிக்கப் போகிறது.

ஊர் வரலாறு என்றால் நாம் கோட்டையையும் பாளையக்காரரையும் தேடுகிறோம். இந்த ஊரை வளர்த்தது, யாரோ தூரத்தில் அணியவும் கொளுத்தவும் இங்கே உட்கார்ந்து செய்துகொடுத்த கைகள். அன்றைக்குச் சங்கு அறுத்தார்கள். இன்றைக்குக் குழாய் உருட்டுகிறார்கள், திரி வைக்கிறார்கள், சரம் பின்னுகிறார்கள். இதில் பெரும்பங்கு பெண்களுடையது. அந்தக் கைகளுக்கு நேர்வது என்ன என்பதும் ஊர் வரலாறுதான். 2024 பிப்ரவரி 17 அன்று பக்கத்து ராமுதேவன்பட்டியில் நடந்த ஆலை வெடிவிபத்தில் பத்துப் பேர் செத்துப்போனார்கள். தீபாவளிக்கு வெடி வாங்கும் வீடுகளில் எத்தனை பேருக்கு அந்த ஊர்ப் பெயர் தெரியும்?

உடைந்த வளையலாவது மண்ணுக்குள் கிடந்தது. பட்டாசு எரிந்தால் காகிதத் துணுக்கு, அதுவும் மறுநாள் குப்பையில். தோண்டி எடுக்க எதுவும் மிஞ்சாது. 2018இல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை போட்ட பிறகு, சரம் பின்னத் தெரிந்த விரல்களுக்கு அந்த வேலையே அருகிவிட்டது. மாசு குறைய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பின்னல் எப்படிப் போடப்பட்டது, ஒரு நாளைக்கு எத்தனை சரம், என்ன கூலி, யாரிடம் கற்றார்கள் என்பதை அவர்கள் வாயால் கேட்டு இப்போதே எழுதிவைக்க வேண்டும். வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளிடமே இதை ஒப்படைக்கலாம். ஆளுக்கு ஒரு நோட்டு, வீட்டில் ஒரு அம்மாவோ அப்பத்தாவோ போதும். முதல் பக்கத்தில் பின்னியவர் பெயரை முழுசாக எழுதச் சொல்ல வேண்டும்.