சிப்பைக் கேளுங்க, சிரிப்பை அல்ல!

என் லேப்டாப்புக்கு வயது ஒன்பது. எதிர்வீட்டில் நாலாம் வகுப்பு படிக்கும் பையனும் அதுவும் ஒரே செட். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பராமரிப்பு கிடையாது என்று மைக்ரோஸாஃப்ட் கைகழுவிவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், "உன் ப்ராசஸர் கிழடு" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. புது லேப்டாப் 40,000 ரூபாய். ஒரு கட்டுரைக்கு எனக்கு எவ்வளவு தருகிறார்கள் என்பதை ஆசிரியரே சொல்லட்டும்!

ஆகவே, லினக்ஸ். 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் ஆரம்பித்தது. காசு கிடையாது. போட்டேன். படம் வந்தது, பாட்டு வந்தது. வைஃபை வரவில்லை. வைஃபை இல்லையேல் கட்டுரை போகாது. கட்டுரை போகாவிட்டால் செக் வராது.

விஷயம் இதுதான். விண்டோஸுக்கு டிரைவரைக் கம்பெனிக்காரர்களே எழுதித் தந்துவிடுவார்கள். லினக்ஸுக்குச் சிலர் தருவார்கள். சிலர் சிப்பின் விவரத்தை மூச்சுக்கூட விடமாட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் ராத்திரி கண்விழித்து, தட்டித் தடவிக் கண்டுபிடித்து எழுத வேண்டும். 2012-ல் டோர்வால்ட்ஸ் ஒரு கூட்டத்தில் என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டியது இந்தக் கடுப்பில்தான். பத்து வருஷம் கழித்து, 2022-ல், அந்தக் கம்பெனி மனசு மாறி டிரைவரில் ஒரு பகுதியைத் திறந்து காட்டியது.

யு.எஸ்.பி. வைஃபை வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போனேன்.

"லினக்ஸ்ல ஓடுமா?"

"எல்லாத்துலயும் ஓடும் ஸார்."

"உள்ளே என்ன சிப்?"

"டப்பாவுல போட்டிருக்கும் பாருங்க."

டப்பாவில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

கல்யாணத்துக்குப் பத்திரிகையைப் பார்த்தால் போதுமா? ஜாதகம் வேண்டாமா? பிராண்ட் என்பது பத்திரிகை, சிப்தான் ஜாதகம். அதே பெயர், அதே மாடல் நம்பர், ஓரத்தில் பொடி எழுத்தில் 'வெர்ஷன் 2' என்றிருந்தால், உள்ளே வேறு சிப் இருக்கலாம். முன்னது ஓடும், பின்னது முறைக்கும்.

எனவே லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் அதிலிருந்தே ஓட்டலாம். கடையிலேயே செருகி, 'எல்எஸ்யூஎஸ்பி' என்று ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் தட்டினால் சாதனத்தின் அடையாள எண் வந்துவிடும். எண் மட்டும் வந்தால் போதாது, இணைப்பும் கிடைக்க வேண்டும்.

நாலு கடைக்காரர்கள் முறைத்தார்கள். ஐந்தாவது ஆள், "செருகிப் பாருங்க ஸார், தேயவா போகுது?" என்றார். மூன்றாவது டப்பா பிடித்துக்கொண்டது. ஐந்நூற்றுச் சொச்சம்.

40,000-த்தில் 500 போக மீதி எவ்வளவு? பி.காம். படித்ததற்கு இத்தனை வருஷத்தில் நான் போட்ட உருப்படியான கணக்கு இது ஒன்றுதான்!